ஒன்பது கிலோவில் ஓர் எஞ்சின்

ஷார்ஜாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் என் அண்ணன் உமைருக்கு முப்பது கிலோ பெட்டி அனுமதி. அதில் இருபத்தொரு கிலோவை அம்மா பிடித்துக்கொண்டாள். பால் பவுடர், தலைவலித் தைலம், பேரீச்சம்பழம், பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு ஒரு கம்பளி. மிச்சமிருந்த ஒன்பது கிலோ எனக்கு. அந்த ஒன்பது கிலோவுக்குள் ஒரு காரின் எஞ்சினை வேறு எஞ்சினாக மாற்றக்கூடிய சாமான்களை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"மே மாசத்துல மரக்காணத்துல யாருக்கும்மா கம்பளி?" என்று கேட்டேன்.

"ஏசி வெச்ச வூட்டுக்குப் போறா. குளிராதா?" என்றாள் அம்மா. என் அம்மா சைத்தூன் பீவியிடம் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "நீ கேக்குற இரும்புக்கு அது எவ்ளோ மேல்."

கார் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சிவப்பு நிறம், ஐந்து கதவு, ஆயிரத்து அறுநூறு சிசி பெட்ரோல். உடம்பு சின்னது, எஞ்சின் பெரியது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் அந்த வண்டியின் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். டர்போ கிடையாது. காற்றை யாரும் உள்ளே ஊதித் தள்ளுவதில்லை. நம்மைப் போல அதுவே மூச்சை இழுத்துக்கொள்ளும்.

இரண்டு வருடம் முன்பு வேலைக்குப் புறப்பட்டபோது உமைர் சாவியை என் கையில் வைத்து, "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணு, இல்லன்னா பேட்டரி போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஸ்டார்ட் செய்தேன். ஆஃப் செய்யத்தான் மனசு வரவில்லை. அன்றைக்கே புதுச்சேரி வரை போய்விட்டு வந்தேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரை வண்டியின் அடிவயிற்றில் பீய்ச்சிக் கழுவினேன். இங்கே காற்றே உப்பு. கவனிக்காமல் விட்ட சைக்கிள் ஒரு மழைக்காலத்தில் அப்பளம்போல் பொரிந்துவிடும்.

எனக்கு உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. உப்பில் அயோடின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தைச் சொட்டு விட்டால் வெள்ளை உப்பு நீலமாகும். அந்த நீலம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நான் மனசுக்குள் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளை ஏற்றிக்கொண்டிருப்பேன். நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம்.

போன மாதம் உமைர் போனில் சாதாரணமாகச் சொன்னான். "அர்ஷி, வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். திண்டிவனத்துல ஒரு பல் டாக்டர். பஞ்சநாதன்னு பேரு. லீவுல வரும்போது கொடுத்துடறேன்."

"ஏன்?"

"நான் இங்க, வண்டி அங்க. கடலோரத்துல வெச்சுத் துரு தின்ன விடறதுக்கா வாங்கினேன்? உனக்குத்தான் ஸ்கூட்டி இருக்குதே."

"நான்தான் ஓட்டுறேன்ல!"

"ஓட்டுறியா? போன வருஷம் கிளியனூர்ல உன் டைம் எவ்ளோ?"

அவன் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான். கிளியனூருக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. தார்ச் சாலை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, வாசலில் வளைவும் கட்டினார்கள். மனை வாங்கத்தான் யாரும் வரவில்லை. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கார் கிளப்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்து, சுற்றிலும் கயிறு கட்டி, ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. உமைர் ஊரை விட்டுப் போவதற்கு முன் எடுத்த நேரம் ஒரு நிமிடம் பதினான்கு புள்ளி மூன்று நொடி. போன வருடம் அதே வண்டியில் எனக்குப் பதினேழு நொடிக்கு மேல் ஆனது.

"என் டைம விட ஒரு புள்ளி கம்மியா ஓட்டிக் காட்டு" என்றான் உமைர். "ஆர்.சி.ய உன் பேருக்கு மாத்திக் கொடுத்துடறேன். முடியலன்னா அன்னைக்குச் சாயங்காலமே டாக்டர் வந்து எடுத்துட்டுப் போவாரு. பேச்சு மாறக் கூடாது."

"பார்ட்ஸ் வாங்கித் தருவியா?"

"பொட்டில எடம் இருந்தா வாங்கியாறேன்."

அம்மாவிடம் மூன்று நாள் சண்டை போட்டு வாங்கிய இடம்தான் அந்த ஒன்பது கிலோ.

அடுத்த நாள் மதியம் ஜான்சி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள், ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு கராஜில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்து மணலில் விட்டுக் கெடுத்த ஸ்கூட்டர்களைப் பிரித்துப் போடுவது அவள் தினசரி வேலை. கார் எஞ்சின் கிடைத்தால் அவளுக்குப் பண்டிகை. கம்பெனிக்குப் பின்னால் உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, காலிச் சாக்கு ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் கிலோக் கணக்கு எழுத ஆரம்பித்தாள்.

உமைரின் குரல் பதிவு முதலில் வந்தது. "எதுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க? டர்போ கிட்டு ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

"கிட்டு இருவது கிலோ" என்றாள் ஜான்சி. "கம்பளிய வுட்டுட்டு வரச் சொல்லி உங்கம்மா கிட்ட நீ போய் பேசுறியா?"

"நான் மாட்டேன்ப்பா" என்றேன்.

"அப்ப டர்போ கட். அதுவும் இல்லாம, அது நல்லா மூச்சு விடற எஞ்சினு. அதுக்கு இன்னும் நல்லா மூச்சு விடக் கத்துக் கொடுத்தா போதும்."

என் ஆசை வேறு ஒன்றின் மேல் இருந்தது. நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனித்தனி வாய். ஊதுகொம்பு மாதிரி வரிசையாக நிற்கும் நான்கு அலுமினிய வாய்களை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். பெடலை அழுத்தினால் நான்கும் ஒன்றாகக் காற்றை இழுக்கும் சத்தம், ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் கனவு காண்பது போலிருக்கும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு எத்தனை மதியங்களில் உப்பு மேடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்! மேடுகள் எல்லாம் பனிமலையாகி, நடுவில் என் சிவப்பு வண்டி வளைந்து வளைந்து ஏறும்.

"ஏழரைக் கிலோ" என்று ஜான்சி என்னைக் கீழே இறக்கினாள். "அதுக்குத் தனி கம்ப்யூட்டர், அத செட் பண்ண ஒரு ஆளு, ஒரு வாரம். பொட்டி வந்தப்புறம் கிளியனூருக்கு நமக்கு இருக்கிறது நாலு நாளு."

அதையும் சாக்கில் எழுதி அடித்தாள். எனக்கு நெஞ்சில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"பம்பர் கிட்ட பைப்ப எறக்கி, கீழேர்ந்து குளிர்ந்த காத்து எடுக்கலாம்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே?"

"அவங்க ஊர்ல சொல்வாங்க. இங்க அவ்ளோ கீழ வாய வெச்சா உப்பையும் மண்ணையும்தான் குடிக்கும். காத்து மேலேர்ந்தே வரட்டும்."

கடைசியில் மூன்று சாமான்கள் தேறின. புகை வெளியே போக நான்கு நீளக் குழாய்கள் வளைந்து ஒன்றாகச் சேரும் ஹெட்டர், ஐந்து கிலோ எண்ணூறு. கேம்ஷாப்ட், இரண்டு கிலோ நானூறு. அதற்கு வால்வு ஸ்பிரிங்குகள், எழுநூறு கிராம். ஜான்சி கூட்டினாள். எட்டுக் கிலோ தொள்ளாயிரம்! நாங்கள் இருவரும் மூட்டை மேல் எழுந்து நின்று கத்தியதில் லாரி டிரைவர் ஒருவர் பாம்போ என்று தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேம்ஷாப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் உள்ள ஒரு தண்டு. அது சுழலும்போது அந்த மேடுகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்பதை டிகிரியில் சொல்வார்கள். கடையில் மூன்று வகை இருந்தது: இருநூற்று ஐம்பத்தாறு, இருநூற்று எழுபத்திரண்டு, இருநூற்று எண்பத்தெட்டு. டிகிரி ஏற ஏற எஞ்சின் உச்சத்தில் அலறும். ஆனால் கீழே, மெதுவாகப் போகும்போது, தூங்கி வழியும்.

"எழுபத்திரெண்டு" என்றாள் ஜான்சி.

"எண்பத்தெட்டு" என்றேன் நான்.

"கூம்புக்குக் கூம்பு திரும்பணும்டீ. எண்பத்தெட்டு முழிச்சுப் பார்க்கறதுக்குள்ள ரோடு முடிஞ்சுடும்."

"ஒரு தடவயாச்சும் அது ஏழாயிரத்துல கத்தறத நான் கேக்கணும்."

"கேக்கறதுக்கா ஓட்டுறே? வண்டி வேணுமா, பாட்டு வேணுமா?"

"ரெண்டும்."

ராத்திரி முழுக்க வாட்ஸப்பில் சண்டை போட்டோம். காலையில் ஜான்சி, "உன் வண்டி, உன் தலையெழுத்து" என்று எழுதி ஒதுங்கிக்கொண்டாள். அன்று மதியம் உமைர் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். வேலைக்குள் நுழைவதற்கு முன் "288" என்று தட்டி அனுப்பிவிட்டுப் போனை வாசல் தட்டில் வைத்தேன். எங்கள் சோதனை அறைக்குள் போன் கூடாது. அந்தத் தகரக் கொட்டகையில் சிக்னல் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மறந்துவிட்டேன். செய்தி போகாமல் என் போனுக்குள்ளேயே நின்றிருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னால் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உமைர் ஷார்ஜா கடையில் நின்றுகொண்டு எனக்கு நான்கு தடவை அடித்திருக்கிறான். லைன் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கப் போகிறார். அத்தாவுக்கு அடித்திருக்கிறான். எங்கள் அத்தா பஷீர் அஹமது உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். அந்த நேரம் அவர் பாத்தி வரப்பில், காற்றில் வேட்டி படபடக்க நின்றிருந்தார். பக்கத்தில் அவரிடம் வேலை பார்க்கும் பாவாடை அண்ணன் உப்புத் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எவ்வளவு கெட்டியாகி இருக்கிறது என்பதற்கும் எங்கள் ஊரில் டிகிரி என்றுதான் பெயர். இருபத்தைந்து தொட்டால் உப்பு படியத் தொடங்கும்.

"அத்தா, டிகிரி எவ்ளோ சொன்னா?" என்று உமைர் கத்தியிருக்கிறான்.

அத்தாவுக்குக் காற்றில் "டிகிரி எவ்ளோ" மட்டும் கேட்டிருக்கிறது. அரபு நாட்டில் இருக்கும் மகன் தொழிலைப் பற்றிக் கேட்கிறானே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து, "ஏம்பா பாவாடை, எவ்ளோ காட்டுது? சத்தமா சொல்லு, உமைர் கேக்குறான்" என்றிருக்கிறார்.

"இருபத்தாறுங்க பாய்!"

பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிட்டது. ஷார்ஜாவில் "...பத்தாறு" மட்டும் போய்ச் சேர்ந்தது. கடையில் இருந்த மூன்றில் பத்தாறு என்று முடிவது ஒன்றே ஒன்றுதான். இருநூத்தி அம்பத்தாறு.

"மாஷா அல்லாஹ், நல்லது அத்தா" என்று சொல்லி உமைர் போனை வைத்துவிட்டான். அந்தச் சின்ன கேமுக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதால், மிச்சமான எழுநூறு கிராமுக்கு அம்மாவுக்கு முந்திரி வாங்கினான்.

மாலையில் போன் கைக்கு வந்ததும் செய்தி தானாகவே போய்விட்டது. அப்போது பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த உமைர் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று போட்டுவிட்டான். நான் அதை 288-க்குக் கிடைத்த சம்மதம் என்று நினைத்துத் தூங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டி திறந்தது. கம்பளியைப் பிரித்தால் நடுவில் ஹெட்டர், பளபளவென்று.

"ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரரு இத ஸ்கேன்ல பார்த்துட்டு, இன்னா சார் இது, நாலு நாதஸ்வரத்த சேர்த்து ஒட்டி வெச்சிருக்கீங்களான்னு கேட்டாரு" என்று உமைர் சிரித்தான்.

நான் சின்னப் பெட்டியை எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

"அண்ணா, இது அம்பத்தாறு."

"ஆமா. நீ சொன்னதுதான்."

"நான் எண்பத்தெட்டு சொன்னேன்!"

"அத்தா அம்பத்தாறுன்னாரே!"

எல்லோரும் அத்தாவைப் பார்த்தோம். அவர் முந்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இன்னா தப்பா சொன்னேன்? அன்னைக்கு இருபத்தாறுதான் காட்டுச்சு. வேணும்னா பாவாடையக் கேளு" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கீழே முற்றத்தில் சிவப்பு வண்டியின் கூரை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பல் டாக்டர் அதன் இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளுவார். அந்தச் சத்தம் கூட எனக்குக் கேட்டது.

உமைர் மேலே வந்தான். "தப்பு என்னோடதுதான். வேணும்னா என் டைம்ல ஒரு செகண்ட் சேர்த்துக்கோ. பதினஞ்சு புள்ளி மூணு. சரியா?"

"வேணாம்."

"ஏய், சும்மா எடுத்துக்கோ."

"பதினாலு புள்ளி மூணுதான். நாளைக்கு ஊர்ல எல்லார்கிட்டயும் நீ விட்டுக் கொடுத்தேன்னு சொல்லுவே."

"கண்டிப்பா சொல்லுவேன்" என்று ஒத்துக்கொண்டான்.

ஜான்சிக்குப் போன் செய்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு முதலில் அவளும் சிரித்துத் தீர்த்தாள். பிறகு, "வண்டில இப்ப இருக்கிறது இருநூத்தி நாப்பத்தெட்டு. எட்டு டிகிரிக்காக கடல் தாண்டி வந்திருக்குது. இரு, அந்தத் தாள போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அர்ஷி, லிஃப்ட் பார்த்தியா? ரொம்ப நேரம் தொறக்காது. ஆனா தொறக்கும்போது பழசவிட ஒரு மில்லி அதிகமா தொறக்கும். கதவ அதே நேரத்துக்குத்தான் தொறக்குறோம், ஆனா ஒருக்களிச்சு இல்ல, அகலமா."

"அதனால?"

"அதனால இன்னான்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

புதன்கிழமை ஹெட்டரை மாட்டினாள். வியாழக்கிழமை பக்ரீத். எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே வால்வு இடைவெளியைப் பற்றிப் பேசி அம்மாவிடம் திட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை கம்பெனி விடுமுறை. கொட்டகை நிழலில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் மூடியைக் கழற்றி, பழைய கேமை எடுத்துப் புதியதை வைத்தாள். நான் அயோடின் சொட்டு விடும் அதே கவனத்தோடு ஒவ்வொரு மேட்டுக்கும் எண்ணெய் தடவினேன். பெல்ட்டின் குறிகளை மூன்று தடவை சரிபார்த்தோம். கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு சாவியைத் திருப்பினேன்.

சாதுவாக ஓடியது. பெரிய கேம் போட்ட வண்டிகள் நின்ற இடத்திலேயே தடதடவென்று உடம்பைக் குலுக்கும். இது அம்மாவின் மிக்ஸியைவிட அமைதியாக இருந்தது. எனக்கு முகம் தொங்கிப்போனது.

"சத்தத்த வுடு" என்றாள் ஜான்சி. "நாளைக்குக் கணக்குப் பார்ப்போம்."

சனிக்கிழமை அதிகாலை, உப்பு லாரிகள் போகும் எங்கள் குத்தகைப் பாதைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நேர்ப் பாதை, இரண்டு பக்கமும் பாத்தி, ஆள் நடமாட்டம் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு உப்புக் குவியல்கள்தான் எங்கள் எல்லை. மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து எண்பது வரை எத்தனை நொடி என்று போன வாரமே பழைய எஞ்சினில் எடுத்து வைத்திருந்தோம். ஒன்பது புள்ளி ஒன்று.

ஜான்சி பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பதில் வண்டியை உருட்டிக்கொண்டு போய், முதல் குவியல் வந்ததும் பெடலை அழுத்தினேன்.

என் முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளினார்கள்! இரண்டாயிரத்துச் சொச்சம்தான் முள் காட்டியது. வழக்கமாக அந்த இடத்தில் வண்டி சோம்பல் முறிக்கும். இப்போது பசியோடு எழுந்து ஓடியது. பாத்திகளில் கிடந்த வானம் இரண்டு பக்கமும் கோடாகிப் பின்னால் போனது.

"ஏழு புள்ளி ஆறு!" ஜான்சியின் குரல் கீச்சிட்டது. "டேய்! ஏழு புள்ளி ஆறுடா!" அவளுக்குச் சந்தோஷம் வந்தால் எல்லோரும் டேய்தான்.

"தப்பா பார்த்திருப்பே."

"திரும்பு. இன்னொரு தடவ."

ஏழு புள்ளி ஐந்து. மறுபடி ஏழு புள்ளி ஆறு. காரை நிறுத்திவிட்டு நாங்கள் இறங்கிக் குதித்தோம். வரப்பில் நின்ற நாரைகள் எங்களை விரும்பாமல் பறந்து போயின.

அதன் பிறகுதான் எங்களுக்கு அடுத்த விஷயம் பிடிபட்டது. முள்ளை ஆறாயிரத்து ஐந்நூறு வரை இழுத்துவிட்டுக் கியர் மாற்றினால் நேரம் கூடியது. ஐயாயிரத்து இருநூறில் மாற்றினால் குறைந்தது. சத்தம் பிரமாதமாக ஏறத் தொடங்கும் இடத்திலேயே எஞ்சின் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் இழுத்தால் சத்தம் மட்டும்தான். பத்துத் தடவை ஓட்டியும் என் கை ஐயாயிரத்து இருநூறில் நகர மறுத்தது. "மாத்து, மாத்து, மாத்து!" என்று ஜான்சி என் தொடையில் அடித்துக்கொண்டே வந்தாள். நீலமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளியனூர் மனைப்பிரிவில் நாற்பது வண்டிகள். ஆம்புலன்ஸ், கொடிக்காரர்கள், கரும்புச்சாறு வண்டி, மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். உமைரும் பெயர் கொடுத்திருந்தான். "என் வண்டிய நானும் ஒரு தடவ ஓட்டிப் பார்க்கறேனே, கடைசியா" என்றான். அந்தக் கடைசியா எனக்குப் பிடிக்கவில்லை.

அவன்தான் முதலில் போனான். வளைவுக்குக் கீழே கொடி இறங்கியதும் வண்டி பாய்ந்தது. ஒவ்வொரு கியரிலும் முள் சிவப்பைத் தொடும்வரை இழுத்தான். பழைய உமைர்தான், சத்தத்தை நம்பும் பழைய காதுதான். மக்கள் விசில் அடித்தார்கள். பலகையில் எழுத்து வந்தது. ஒரு நிமிடம் பதினைந்து புள்ளி எட்டு.

"பழைய கேமே நல்லா இருந்துச்சுது" என்று ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகத்தில் நிஜமான வருத்தம். "ஆறாயிரத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல அர்ஷி. காலியா இருக்குது. நான் உன்ன நல்லா மாட்டி விட்டுட்டேன்."

ஜான்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

என் முதல் ஓட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றும் திருப்பம், விளக்குக் கம்பங்களுக்கு நடுவே பாம்பு ஓட்டம், எல்லாவற்றிலும் வண்டி கூம்பைத் தாண்டியதும் என்னைத் தள்ளிவிட்டது. கடைசி நேர்ச்சாலையில் எனக்குப் பேராசை வந்தது. இதுதான் கடைசி என்றால் ஒரு தடவையாவது முழுக்கக் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டாவது கியரிலேயே பிடித்து இழுத்தேன். எஞ்சின் அலறியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. வண்டி அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவசரத்தில், வண்டியை நிறுத்தக் கூம்பு வைத்து அடைத்த முடிவுப் பெட்டிக்குள் கோணலாக நுழைந்து ஒரு கூம்பைச் சாய்த்தேன். பதினான்கு புள்ளி ஒன்று. கூம்புக்கு இரண்டு நொடி தண்டம். பதினாறு புள்ளி ஒன்று.

"கூம்பு இல்லன்னா ஜெயிச்சிருப்பே" என்றான் உமைர்.

"இன்னும் ஒண்ணு இருக்குது."

"கடைசி ரோட்ல விடாத, இன்னும் நல்லா இழு" என்று அவன் யோசனை சொன்னான். ஜான்சி குனிந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, என் தொடையில் நீலமாகியிருந்த அதே இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

வெயில் தார் மேல் அலையாடியது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பனிமலை, ஊதுகொம்பு, ஏழாயிரம், எல்லாவற்றையும் அந்த வளைவுக்கு வெளியே இறக்கி வைத்தேன். எனக்கு இப்போது அந்தப் பாட்டு வேண்டாம். வண்டி வேண்டும்.

கொடி இறங்கியது. ஐயாயிரத்து இருநூறு, மாற்று. தொட்டியைச் சுற்றும்போது மூன்றாவது கியரிலேயே விட்டேன். எல்லோரும் இரண்டுக்கு இறங்கும் இடம் அது. வண்டி முனகவில்லை, வெளியே வந்ததும் தானாக முகத்தைத் தூக்கி ஓடியது. ஒரு கியர் மாற்றம் மிச்சம்! கம்பம், கூம்பு, கம்பம், கூம்பு. என் கைகள் எனக்கு முன்னால் போயின. பூங்காவுக்கு விட்ட வட்டத்தைச் சுற்றியபோது பின் டயர் ஒன்று கொஞ்சம் நழுவிப் பயமுறுத்தியது. பெடலை விடாமல் பிடித்தேன், நேரானது. கடைசி நேர்ச்சாலை. எஞ்சின் ஏறத் தொடங்கியது, குரல் இனிக்கத் தொடங்கியது. மாற்றினேன். அந்தக் குரல் பாதியில் தாழ்ந்தது, முதுகில் அந்த உள்ளங்கை விழுந்தது. முடிவுப் பெட்டிக்குள் நேராகப் போய் நின்றேன். ஒரு கூம்பும் அசையவில்லை.

பலகையைப் பார்க்கப் பயமாக இருந்தது. மைக்கில் பேசியவர் முதல் தடவையாகக் கொஞ்சம் நிறுத்திப் பேசினார். "அர்ஷியா... ஒரு நிமிஷம்... பதிமூணு புள்ளி ஆறு!"

ஜான்சி கயிற்றைத் தாண்டி ஓடி வர, கொடிக்காரர் அவளைத் துரத்தி வந்தார். கதவைத் திறந்து என்னை ஹெல்மெட்டோடு கட்டிப்பிடித்ததில் அவள் நெற்றி புடைத்துவிட்டது. "டேய்! பதிமூணுடா! பதிமூணு!"

உமைர் மெதுவாக நடந்து வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தான். மூடி மேல் கையை வைத்துப் பார்த்து, சூடு தாங்காமல் எடுத்தான்.

"எங்க மாத்துனே?"

"அஞ்சாயிரத்து எரநூறு."

"கடைசி ரோட்லயும்?"

"கடைசி ரோட்லயும்."

உமைர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு நின்னீங்களே, பாவிங்களா."

"சொல்லியிருந்தா நீ பன்னெண்டுல வந்திருப்பே" என்றாள் ஜான்சி.

அவன் சிரித்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினான். "டாக்டருக்கு நீயே சொல்லு. என்னால அவர் மூஞ்சில முழிக்க முடியாது. கெளம்பியிருப்பாரு."

போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பஞ்சநாதன் டாக்டர் உற்சாகமாக எடுத்தார். "சொல்லுங்க, வழிலதான் இருக்கேன். வண்டி எப்படி இருக்குது? எஞ்சின்ல ஏதாச்சும் வேல இருக்குமா?"

எஞ்சின் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது.

"எஞ்சினா சார்? அய்யோ, ரெண்டாயிரத்துலேர்ந்தே இழுக்குது சார். மூணாவது கியர்ல முப்பதுலேர்ந்து எண்பது ஏழரை செகண்டு. தொட்டி திருப்பத்துல ரெண்டுக்கு எறக்கவே வேணாம், மூணுலயே வெளிய வந்துடுது. ஹெட்டர் புதுசு, கேம் புதுசு, லிஃப்ட் ஒரு மில்லி அதிகம், வால்வு ஒருக்களிச்சுத் தொறக்காம அகலமா தொறக்குது, அதான் விஷயம்..."

ஜான்சி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். உமைர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஹெட்டரின் நான்கு குழாய்கள் எங்கே சேர்கின்றன என்பதுவரை சொல்லிவிட்டேன்.

"ரொம்பப் பிரமாதம்மா" என்றார் டாக்டர். குரலில் ஆசை வழிந்தது. "நீங்க சொல்லச் சொல்ல எனக்கு இப்பவே ஓட்டணும் போல இருக்குது. இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"அய்யோ, வராதீங்க சார்! விக்கிறதுக்கு இல்ல! அதச் சொல்றதுக்குத்தான் போன் பண்ணேன்."

அந்தப் பக்கம் காரை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"